ஊரார் அனைவரும் ஒப்பினர்

கோயம்புத்தூர்,
06.02.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

எட்டு நாளாக நீங்கள் கூப்பிடுகிறீர்கள், நான் எடுப்பதில்லை. கோபம் மட்டும் காரணமில்லை. போனில் "சாப்டயா கண்ணு?" என்று நீங்கள் கேட்ட உடனே நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். "சாப்டனுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் நடுவில் பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு முதல் பஸ்சுக்குக் கிளம்பியது தப்புத்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்குக் கேட்க மாட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்காவது பிசகியிருந்தால் திருத்துங்கள். குடியரசு தினத்தன்று நம் ஊரில் கிராம சபை. எனக்குக் கல்லூரியில் கொடியேற்றம் இருந்ததால் சாயங்காலம்தான் வீடு வந்தேன். மறுநாள் ஊராட்சி கிளார்க் அண்ணன் வலது கையில் கட்டோடு வந்தார், பைக்கில் விழுந்துவிட்டார் என்று. நீங்கள்தான், "நம்ம புள்ளை எழுத்து அச்சடிச்சாப்பல இருக்கும், அது எழுதட்டும்" என்று தீர்மான நோட்டை என்னிடம் கொடுத்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'திரு. பங்காரு அவர்களின் நிலத்தில் தென்னை நார் மில் அமைப்பதில் ஊர்மக்களுக்கு ஆட்சேபணை இல்லை என, நூற்றுப் பதினெட்டுப் பேர் கலந்துகொண்ட கிராம சபையில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' நீங்கள் வாங்கிப் படித்துவிட்டு என் தலையைத் தடவினீர்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது பார்த்தேன். ஓடைப் பக்கம் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம் கிளார்க் அண்ணன் அதே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சபை முடிந்து இரண்டு நாள் கழித்து! அம்மாவிடம் கேட்டேன். அன்று வந்தது முப்பத்து நாலு பேர் என்றார்.

உங்களிடம் கேட்டபோது, "ஊர் நடப்பு உனக்குத் தெரியாது கண்ணு, எல்லாப் பக்கமும் இப்படித்தான்" என்றீர்கள். நான், "அப்புறம் எதுக்குங்கப்பா சபை? நம்ம ஊட்டு வாசல்லயே நடத்திப்போடலாமே" என்றேன். நீங்கள் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனீர்கள்.

பங்காரு மாமாவின் நிலத்துக்கு அடுத்த வரப்பில்தான் கீழ்வீதிக்காரர்கள் தண்ணீர் எடுக்கிற கிணறு இருக்கிறது. நார் ஊறின தண்ணீர் மண்ணில் இறங்கினால் என்ன நிறத்தில் வரும் என்று பக்கத்து ஊரில் நாமே பார்த்திருக்கிறோம், நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள்.

இங்கே எங்கள் வகுப்பு மார்ச் கடைசியில் ஒரு நாடகம் போடுகிறது. பாடத்தில் இருக்கிற பழைய நாடகம், எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. அதில் மன்னன் சொல்வதை ஓலையில் எழுதுகிறவன் ஒருவன் வருகிறான். அந்த வேடம் எனக்கு. ஒத்திகையில் முதல் வசனத்தைச் சொல்லவே முடியவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்: அந்தப் பொய் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
லோகப்பிரியா


உடுமலைப்பேட்டை அருகில்,
14.02.2023

கண்ணு,

உன் கடிதம் வந்தது. உன் அம்மா படிக்கக் கேட்டாள், கொடுக்கவில்லை. பங்காரு அவளுக்குத் தம்பி. அவளை எதற்கு நடுவில் இழுக்க வேண்டும்?

நீ வரிசையாக எழுதியிருக்கிறாய். நானும் வரிசையாக எழுதுகிறேன். நான் தலைவராவதற்கு முன்னால் கீழ்வீதிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்தது? எட்டு நாள். இப்போது? ஒரு நாள் விட்டு ஒரு நாள். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லாமல் மாடு உள்ளே வந்து படுத்துக்கிடந்தது. யார் கட்டியது? இந்த மூன்று வருசத்தில் யாரிடமாவது ஒரு டீ வாங்கிக் குடித்திருப்பேனா என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள். கொரோனா சமயத்தில் வீடு வீடாக அரிசி கொண்டுபோனவன் நான். அப்போது நீ ப்ளஸ் ஒன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

சபைக்கு ஆள் வருவதில்லை. அது என் குற்றமா? ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லச் சொன்னேன். வந்தது முப்பத்து நாலு. அதிலும் பாதிப்பேர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. நூறு பேர் கையெழுத்து இல்லாவிட்டால் சபை செல்லாது. சபை செல்லாவிட்டால் சாக்கடை வேலைக்கும் தெருவிளக்குக்கும் போட்ட தீர்மானமும் செல்லாது. என்ன செய்யச் சொல்கிறாய்? மில் வந்தால் நாற்பது பெண்களுக்கு வேலை. இப்போது அவர்கள் வேன் ஏறிப் பத்து மைல் போய் வருகிறார்கள்.

இனி நாடக விஷயம். நீ வாட்ஸப்பில் ஒத்திகைப் படம் வைத்தாய் அல்லவா, தலையில் கிரீடத்தோடு ஒரு பெண், பக்கத்தில் நீ. பங்காரு அதைக் காட்டி, "மச்சான், நம்ம அம்மணி உங்களைத்தான் ராஜாவாக்கிக் கிண்டல் பண்ணுதாட்ட இருக்குது" என்றான். டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால். நான் சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வரும் வரைக்கும் காது சுட்டது.

உன்னைப் படிக்க அனுப்பினேன். வாத்தியார் வேலைக்கோ கலெக்டர் வேலைக்கோ போவாய் என்று. ராஜா காலத்து நாடகத்தைப் போட்டு அப்பனை மேடையில் ஏற்றுவதற்கு அல்ல. இந்த நாடகத்தில் நீ நடிக்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். விடுதிச் சாப்பாடு ஆகவில்லை என்றால் அம்மா தேங்காய்ப்பொடி அனுப்புகிறாள்.

செங்கோடன்


கோயம்புத்தூர்,
22.02.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தின் கடைசியில் 'அப்பா' என்று எழுதாமல் பெயரை எழுதியிருந்தீர்கள். மனுவில் போடுகிற மாதிரி. அதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன்.

அந்த நாடகம் உங்களைப் பற்றியது இல்லை. நம் ஊருக்குத் தார்ரோடு வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் யாரோ எழுதினது. நீங்களே படித்துப் பாருங்கள் என்று நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய தமிழ்தான், ஆனால் கஷ்டமில்லை.

நீங்கள் 'ராஜா காலத்து நாடகம்' என்றதையே எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணும் கேட்டாள். "ராஜாவே இல்லாத காலத்துல இந்த நாடகத்தை எதுக்குங்க மேம் படிக்கோணும்? பரிட்சைக்குத்தானுங்களே?" என்று. பேராசிரியர் எங்களைப் பார்த்தார். அப்புறம் உம்மல் குல்சும் எழுந்தாள்.

குல்சும் யார் என்று சொல்லிவிடுகிறேன். படத்தில் கிரீடத்தோடு இருந்தவள் அவள்தான். வீடு இங்கேயே கோட்டைமேட்டில், ஆனாலும் அவள் அத்தாவுக்கு வெளியூர் வியாபாரம் என்பதால் எங்களோடு விடுதியில் இருக்கிறாள். எங்கள் சாப்பாட்டுக் கமிட்டிக்கு அவள் தலைவி. கெட்டிக்காரி, எல்லாருக்கும் பிடிக்கும், ஓட்டுப் போட்டு நாங்கள்தான் தேர்ந்தெடுத்தோம். அவள் சொன்னாள்: "போன மாசம் மெனுவை மாத்தறப்ப வார்டன் கேட்டாங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னு. நான் ஒருத்தரையும் கேக்கல. ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும்ல, அதனால ஒத்துக்குவாங்கன்னு நெனச்சேன். இந்த மன்னன் வசனத்தை மனப்பாடம் பண்ணும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது, இது நான் பேசின பேச்சுன்னு."

அன்று சாயங்காலம் அவள் விடுதிப் பெண்கள் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி, தான் செய்ததைச் சொன்னாள். சும்மா விடவில்லை யாரும். ஒரு மணி நேரம் திட்டினார்கள். ஒருத்தி அழுதாள், அவளுக்கு அந்த மெனுவில் எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லையாம், சொல்ல இடமில்லாமல் பிஸ்கட் தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். அதன் பிறகு குல்சுமைப் பதவியிலிருந்து இறக்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை கூட்டம் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது போடுகிறாள். அலுத்துக்கொண்டேதான் போடுகிறாள்.

அவளால் முடிந்தது, என்னால் முடியவில்லை. நீங்கள் செய்த நல்லதை நான் மறக்கவில்லை அப்பா. தண்ணீர் வந்த முதல் நாள் கீழ்வீதியில் குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் நனைந்துகொண்டு நின்றதை நானும் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நடிக்கக் கூடாது என்றீர்கள். படித்துவிட்டும் அதையே சொன்னால் யோசிக்கிறேன். படிக்காமல் சொன்னால் கேட்க மாட்டேன்.

லோகப்பிரியா


உடுமலைப்பேட்டை அருகில்,
08.03.2023

கண்ணு,

பதில் எழுத நாளாகிவிட்டது. படிக்க நாளாகிவிட்டது என்பதே உண்மை. மத்தியானம் தோப்பில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து படித்தேன். நாலு நாள் ஆயிற்று. சில வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் நம் பள்ளிக்கூடத்துத் தமிழய்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "என்ன தலைவரே, தேர்வு எழுதறீங்களா?" என்றார்.

நான் நினைத்தது வேறு. மன்னன் மீசையை முறுக்கிக்கொண்டு வருவான், ஊரைக் கொள்ளை அடிப்பான், கடைசியில் யாராவது வெட்டுவார்கள் என்று நினைத்தேன். இவன் அப்படி இல்லையே. ஊரை எதிரி சூழ்ந்தபோது சுவர்மேல் ஏறி நின்று காப்பாற்றினவன். பின்னால் பஞ்சம் வந்தபோது ஊரே சேர்ந்து, மழை வரும்வரைக்கும் எல்லா அதிகாரமும் உனக்கு என்று கொடுக்கிறது. மழை வருகிறது. அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுவும் ஆசையால் இல்லை, தன்னைவிட்டால் யாரும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்கிறான். அந்த நினைப்பு எனக்குத் தெரியும். வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

அந்த இடத்தைச் சொல்கிறேன். ஆற்று மதகைத் திருப்ப வேண்டும் என்று மன்னன் சொல்கிறான். 'ஊரார் அனைவரும் ஒப்பினர் என்று எழுது.' உன் ஆள் கேட்கிறான், 'எந்த ஊரார், மன்னா?' அவன் சொல்கிறான், 'என்னை நேசிக்கும் ஊரார்.' அதோடு காகிதத்தை மூடி வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனேன். திரும்பி வந்து மீதியைப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று.

கடைசியில் எதிரி திரும்ப வருகிறான். மன்னன் மக்களை மன்றத்துக்கு அழைக்கிறான். வருகிறார்கள், நிற்கிறார்கள். என்ன செய்யலாம், பேசுங்கள், பேசுங்கள் என்று கெஞ்சுகிறான். அவர்களுக்குப் பேசுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. முப்பத்து நாலு பேரும் டீக்கிளாசோடு நின்றது எனக்குக் கண்முன் வந்தது.

நேற்று நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். கீழ்வீதிச் சென்னியம்மாளை உனக்குத் தெரியும், வேலைக்கு வரும் பெண்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவர். தனியாகக் கூப்பிட்டு, ஜனவரியில் நோட்டில் கையெழுத்துப் போட்டீர்களே, எதற்கு என்று தெரியுமா என்று கேட்டேன். "வேலைக்கு வந்த கணக்கு நோட்டுன்னு நெனச்சுப் போட்டுட்டமுங்க. ஏனுங்க, எதாச்சும் தப்புங்களா?" என்றார். அவர் தப்புச் செய்துவிட்டாரோ என்று பயந்து கேட்டார் கண்ணு. இல்லீங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் ரத்து செய்வது நீ நினைக்கிற மாதிரி சுலபமில்லை. பங்காரு பூமி பூஜை போட்டுவிட்டான். மெசினுக்கும் சொல்லியாகிவிட்டது. உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? ஊரில் நின்று என்னவென்று சொல்வேன்?

நாடகத்தில் நடி. நான் வர மாட்டேன்.

அப்பா


கோயம்புத்தூர்,
17.03.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

'அப்பா' என்று எழுதியிருந்தீர்கள். நன்றி.

நாடகம் 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. வர மாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. கலெக்டருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தீர்மானத்தை எழுதியது நான்தான், அதில் சொல்லியிருக்கிற எண்ணிக்கை பொய், கையெழுத்துகள் பின்னால் வாங்கப்பட்டவை என்று. உங்கள் பெயரை எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து எழுதினேன். கவரில் போட்டு ஒட்டவில்லை. என் அகராதிக்குள் இருக்கிறது.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஓலை எழுதுகிறவனைப் பற்றி நாங்கள் நிறையச் சண்டை போட்டோம். அவன் நல்லவனா என்று. 'எந்த ஊரார், மன்னா?' என்று கேட்கிறான், அது தைரியம்தான். ஆனால் பதில் கிடைத்ததும் எழுதிவிடுகிறான் அப்பா! குல்சும் சொன்னாள், "கேள்வி கேட்டா மட்டும் போதுமா, கை எழுதிருச்சே" என்று. அவனுக்கு நாடகத்தில் அதற்குப் பிறகு ஒரு வசனம்கூடக் கிடையாது. கடைசிக் காட்சிவரை மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் அவன் மாதிரி உட்கார்ந்திருக்க விரும்பவில்லை.

22ஆம் தேதி தண்ணீர் தினக் கிராம சபை வருகிறது. அன்று நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்க மாட்டேன்.

பயமாக இருக்கிறது. மேடையை நினைத்து இல்லை.

பிரியா


உடுமலைப்பேட்டை அருகில்,
03.04.2023

கண்ணு,

வந்திருந்தேன்.

அம்மாவிடம் வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினேன். உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வாசலில் யாருடைய பெற்றோர் என்று கேட்டார்கள், உன் பெயரைச் சொன்னேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முடிந்த உடனே எழுந்து வந்துவிட்டேன். உன்னைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

குல்சும் நன்றாக நடித்தாள். 'என்னை நேசிக்கும் ஊரார்' என்று அவள் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஐந்நூறு பேர் சிரிப்பு. எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. பக்கத்தில் இருந்த பெண் தன் தோழியிடம், "எங்க ஊட்ல என் கல்யாணத்தைப் பத்தி இப்படித்தான் பேசறாங்க. எல்லாருக்கும் சம்மதமாம். என்னைக் கேக்கவே இல்லை" என்றாள். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒவ்வொருத்தரும் அவரவர் மன்னனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்னை இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஆனால் மன்னன் பேசுங்கள், பேசுங்கள் என்று கெஞ்சும்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நீ ஒரு தப்புப் பண்ணினாய். சொல்லட்டுமா? ஓலையில் பொய்யை எழுதும்போது நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாய். அப்படி எழுத மாட்டார்கள் கண்ணு. தலையைக் குனிந்துகொண்டு ஓலையை மட்டும் பார்த்து, எழுத்து அழகாக வருகிறதா என்று பார்த்து எழுதுவார்கள். எழுதச் சொல்கிறவனும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டான். இது எனக்குத் தெரியும்.

அன்று உன்னிடம் நோட்டைக் கொடுத்ததுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. மற்றது ஊருக்குச் செய்தது. அது உனக்குச் செய்தது.

மார்ச் 22 சபையில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். நாற்பத்தொன்று என்றே எழுதச் சொன்னேன். சபை செல்லவில்லை. வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தது, "என்னங்க செங்கோடன், உங்க ஊர்ல மட்டும் இப்படி?" என்று.

மே ஒன்றாம் தேதி அடுத்த சபை. உன் மனுவை அதுவரைக்கும் அகராதிக்குள்ளேயே வைத்திரு. அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன்.

அப்பா


கோயம்புத்தூர்,
11.04.2023

அப்பா,

வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று குல்சும் அன்றே சொன்னாள். வியர்வை என்று நினைத்தாளாம். நான் உங்களை நினைக்கவே இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு விடுதி வாசலுக்கு ஓடினேன், ஒரு வாரம் முன்னாலேயே போய்விட்ட உங்களைப் பிடிக்கிற மாதிரி. காவலாளி என்னம்மா என்று கேட்டார்.

நீங்கள் சொன்ன தப்பு உண்மைதான். அடுத்த வாரம் பெருந்துறையில் ஒரு கல்லூரிக்கு இதே நாடகத்தைக் கொண்டுபோகிறோம். அங்கே குனிந்துகொண்டு எழுதுகிறேன்.

மனு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. மே 2 எனக்குத் தேர்வு, ஒன்றாம் தேதி வர முடியாது. வந்தாலும் நீங்கள் எனக்காகச் செய்கிற மாதிரி ஆகிவிடும். வேண்டாம். என்ன நடந்தாலும் எழுதுங்கள், நடக்காவிட்டாலும் எழுதுங்கள்.

அம்மாவிடம் நான் பேசட்டுமா?

பிரியா


உடுமலைப்பேட்டை அருகில்,
05.05.2023

கண்ணு,

தேர்வு நன்றாக எழுதியிருப்பாய். இதைச் சாவகாசமாகப் படி. பெரிய கடிதம்.

அம்மாவிடம் நானே சொன்னேன். சபைக்கு நாலு நாள் முன்னால். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எந் தம்பி என்ன கொலையா பண்ணினான்?" என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் போட்டாள். பங்காருவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று போனேன், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டான்.

மைக் ஆட்டோவில் இந்தத் தடவை நானே ஏறி உட்கார்ந்தேன். மேல்வீதி முடிந்ததும் டிரைவர் வண்டியைத் திருப்பினான். கீழ்வீதிக்குப் போகலையா என்றேன். "அங்கெல்லாம் போறதில்லீங், ரோடு ஆகாதுங்" என்றான். மூன்று வருசமாகப் போனதே இல்லையாம்! ஊரெல்லாம் சொன்னேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? இறங்கி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன், ஆட்டோ பின்னால் உருண்டுகொண்டு வந்தது. என்ன நடக்கப்போகிறது என்பதையும் சொன்னேன். 'நார் மில் பற்றி ஜனவரியில் போட்ட தீர்மானத்தை உங்கள் முன்னால் வைக்கப்போகிறேன்' என்று.

பள்ளிக்கூட மைதானத்தில் பதினொரு மணிக்குச் சபை. இருநூற்று முப்பத்தேழு பேர். நானே எண்ணினேன். வெயிலுக்குப் போட்ட பந்தல் போதவில்லை, பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

தீர்மானத்தைப் படித்தேன். அப்புறம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. "இதுல நூத்திப் பதினெட்டுப் பேருன்னு இருக்குதுங்க. வந்தது முப்பத்து நாலுதானுங்க. மீதிக் கையெழுத்து நான் பின்னால வாங்கினதுங்க. தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்றேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை. எழுதச் சொன்னது நான் என்று சொன்னேன்.

ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்தக் கடைசிக் காட்சி வந்துவிட்டதோ என்று இருந்தது. பேசுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்போது சென்னியம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க தலைவருங்க, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கம்மா."

"ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்து, கையெழுத்து எதுக்குப் போட்டீங்கன்னு கேட்டீங்க. தப்பான்னு கேட்டதுக்கு இல்லீங்கன்னு சொல்லீட்டுப் போனீங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா எங்களுக்கு ரெண்டு மாசம் தூக்கம் கெட்டிருக்காதுங்களே? எம்பட பேரு எந்தக் காயிதத்துல என்னான்னு இருக்குதோன்னு நான் தவிச்சுப்போனனுங்க."

"நியாயமுங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. கிணற்றைப் பற்றிப் பேசினார். பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த அவர் மகள் வீட்டில் குடிநீரை விலைக்கு வாங்குகிறார்களாம். அவர் முடித்ததும் இன்னொருத்தர். அப்புறம் நிற்கவே இல்லை. வேன் ஏறி வேலைக்குப் போகிற பெண்கள் மில் வேண்டும் என்றார்கள், அவர்களுக்கும் கீழ்வீதிக்காரர்களுக்கும் வாக்குவாதம் ஆயிற்று. என்னைத் திருடன் என்று ஒருத்தர் சொன்னார், அதற்குக் கைதட்டினார்கள். கொரோனா சமயத்தில் அரிசி கொடுத்தவரைத் திருடன் என்பதா என்று இன்னொருத்தர் சண்டைக்குப் போனார். நான்தான் விலக்கிவிட்டேன். மூன்றரை மணி நேரம், கண்ணு.

பங்காரு நடுவில் எழுந்து, "மச்சான், இதை ஊட்டுலயே சொல்லியிருந்தா ஆகாதுங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனான். ஆனால் பைக்கை எடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கையைத் தூக்கச் சொல்லி எண்ணினோம். தீர்மானம் ரத்து. மில்லே வேண்டாம் என்று முடிவாகவில்லை. கிணற்றுக்குப் பக்கம் கூடாது, ஓடைக்கு அந்தப் பக்கம், சிமெண்ட் தொட்டி கட்டிக் கழிவை மண்ணில் இறங்காமல் வைத்தால் ஆகஸ்ட் சபையில் திரும்பவும் பேசலாம் என்றார்கள். அந்த யோசனை வேனில் போகிற ஒரு பெண்ணுடையது. எனக்குத் தோன்றவே இல்லை. பங்காரு இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் தொட்டி எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று கிளார்க்கிடம் கேட்டானாம்.

நான் செய்ததை எழுதி மேலே அனுப்பிவிட்டேன், கையெழுத்துப் போட்டு. என்ன நடவடிக்கை வரும் என்று தெரியாது. உன் மனுவில் இதைவிட அதிகமாக ஏதாவது இருந்தால் அனுப்பு. நான் தடுக்க மாட்டேன்.

இன்று காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சென்னியம்மாள் வீட்டுக்கு வந்தார். ஏதாவது குழாய் ரிப்பேர் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "அடுத்த எலெக்சன்ல நான் தலைவருக்கு நிக்கலாம்னு இருக்கறனுங்க. எங்க வீதியில சொல்றாங்க. அந்த ஃபாரம் எப்படி ரொப்பறதுன்னு ஊர்ல உங்களுக்குத்தானுங்களே தெரியும்?" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. அப்புறம் பழைய ஃபாரத்தின் நகலைத் தேடி எடுத்து, எங்கே என்ன எழுதுவது, முன்மொழிகிறவர் யாராக இருக்கலாம், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். தள்ளுபடி ஆகிற இடம் எது என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்களும் நிப்பீங்களாங்க?" என்றார்.

"நிப்பனுங்க."

"அப்பப் பாத்துக்கலாமுங்க" என்று சிரித்தார்.

அம்மா காபி கொண்டுவந்து அவருக்கும் கொடுத்து, எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். எட்டு நாளில் அவள் கையால் வந்த முதல் காபி. சென்னியம்மாள் போன பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "எனக்கொரு சந்தேகமுங்க. நான் உங்களுக்குப் போடறதா, அந்தம்மாவுக்குப் போடறதா?"

"யோசிச்சுப் போடு" என்றேன்.

யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

உன்,
அப்பா